சாணைக்கல்லின் மேல் கட்டிய தகரம்

பதுளைக் கடைவீதியில் ரெண்டு கடை, லுணுகலையில் ஒரு வண்டிப் பட்டறை, எல்லாம் இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற இந்த வேலாயுதம், நான், ஒண்டியாய்க் கட்டினது. இன்றைக்குப் பட்டறை வாசலில் இரும்பு கருகுகிற வாசம் வந்ததும் அசந்துபோய் உட்கார்ந்துவிட்டேன்.

மடுல்சீமைத் தோட்டத்து ஓடைக்கரையில், இப்போது காடு மூடிக்கிடக்கிற சாணைக் கொட்டகையில், நான் சிறுவனாயிருந்தபோது, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளை அப்பா நாளெல்லாம் கல்லில் வைத்து அழுத்துவார், கல் கரகரவென்று அரற்றும், கத்தி காய்ந்து நீலம் பாய்ந்த பிறகுதான் அம்மா குடத்துத் தண்ணீரை ஊற்றுவாள், கொதித்த இரும்பு சுரீரென்று குளிர்ந்து மயிரிழையாய் வெடிக்கும்.

"கத்தி தீட்டுறியா, கண்ணாடி ஒடைக்கிறியா? இன்னும் ஒன்னு வெடிச்சுச்சு, மலையில மம்பட்டி பிடிக்கப் போயிரு," என்று அப்பாவை அதட்டினார் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி.

நான்தான் மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, தண்ணீர் ரொப்பி, கல்லுக்கு மேலே கட்டினேன். தண்ணீர் விடாமல் சொட்டியது, இரும்பு சூடேறவே இல்லை, அப்புறம் ஒரு கத்தியும் வெடிக்கவில்லை. அப்பா வேலையும் தப்பியது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோ தன் யோசனை என்று வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். இன்றைக்கும் சாணைக்காரர்கள் அதை "துரை தகரம்" என்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பெயரை மாத்துங்க. வேலாயுதம் தகரம் என்று சொல்லுங்க.