பாவாயி அக்கா சொல்லாமல் வைத்தது

சென்ற புதன்கிழமை மில் வாசலில் ஒரு வண்டிக்காரர் போகிற போக்கில் சொன்னார்: சங்ககிரியில் தம்பி வீட்டோடு இருந்த பாவாயி அக்கா காலமாகிவிட்டார், எல்லாம் முடிந்து மூன்று நாளாயிற்று. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா? பிறகு யோசித்தேன். நான் அவருக்கு உறவா, சாதியா? என்னிடம் சொல்ல வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

மில்லில் வேலை செய்யும் பெண்களின் கைக்குழந்தைகளுக்கான காப்பகத்தில், யுத்த வருடங்கள் முழுவதும் அவர்தான் ஆயா. அங்கே பிள்ளையை விட்டுப் போன தாய்மார்களுக்காகவே இதை எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நான் முதலில் நூல் சுற்றும் பகுதியில் இருந்தேன். என் மகள் லூர்துமேரியும் அந்தக் காப்பகத்தில்தான் வளர்ந்தாள். மூன்று வயதில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அதன் பிறகு என்னால் இயந்திரத்தின் முன் நிற்க முடியவில்லை. ஐந்தாவது படித்தவளாயிற்றே என்று என்னைக் காப்பகத்துப் பதிவேடு எழுத மாற்றினார்கள்.

கஞ்சி ஊட்டும்போது அக்கா பேசிக்கொண்டே இருப்பார். இது பூசணி, இது பருப்பு, அதோ காக்கா என்று எட்டு மாதக் குழந்தைக்குப் பெரிய பிரசங்கமே நடக்கும். யாருக்கு இந்த உபதேசம் என்று கேலி செய்தேன்.

"வாய்தான் வரல அம்மிணி, காது வந்துருச்சே" என்றார்.

'அம்மா' என்பதற்கு அடுத்தபடியாக அங்கே பாதிப் பிள்ளைகள் பேசிய சொல் பூசணிதான்.

ஒருநாள் ராமாயியின் மகன் தண்ணீர்ப் பானையை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். முதல் நடை. சாயங்காலம் சங்கு ஊதியதும் பெரிய நல்லது செய்கிற நினைப்பில் ஓடிப்போய் ராமாயியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எத்தன மணிக்குங்க?" என்று மட்டும் கேட்டாள். அந்த நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தாள் போலும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தூளித் துணிகளை அலசி முடிக்கும் வரை அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு சொன்னார்: "ரெண்டு நாள் நீ வாய மூடிட்டிருந்தா அவளே பாத்திருப்பா."

பதிவேட்டில் பிள்ளை நடந்த நாளை எழுத ஓர் இடம் உண்டு. தாய் வந்து சந்தோஷமாகச் சொல்லும் வரை அக்கா அதை எழுத விடமாட்டார். ஒருமுறை சோதனைக்கு வந்த டாக்டரம்மா, குடுகுடுவென்று ஓடும் பிள்ளையையும் வெறுமையாக இருந்த அந்த இடத்தையும் பார்த்துவிட்டு, பிள்ளைகளைக் கவனிக்காமல் தூங்குகிறீர்களா என்று அக்காவைக் கண்டபடி ஏசினார். அக்கா வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, இன்றும் அது உறுத்துகிறது.

மறுவாரம், அன்று பகலில் எங்கள் முன்னால் முதல் அடி வைத்திருந்த ஒரு பிள்ளையின் தாயிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "ஊட்டுக்குப் போயி புள்ளைய இடுப்புலயே வெச்சிருக்காதீங்க. செத்த நேரம் கீழ உட்டுப் பாருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லூர்து கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். மறுநாள் கோயிலிலிருந்து வந்து லூர்துவைக் கீழே விட்டேன். வாசற்படியிலிருந்து என் முழங்கால் வரை நடந்து வந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. அது எனக்கு மட்டும் கிடைத்தது என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.

அக்காவிடம் கேட்டே விட்டேன். லூர்து முதலில் உங்களிடம்தானே நடந்தாள்?

அவர் தூளியை ஆட்டுவதை நிறுத்தவில்லை. "நீ பாத்ததுதான் அம்மிணி மொத அடி" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

லூர்துவை நினைவு வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். இப்போது நான் ஒருத்திதான். அவள் பெயரைச் சொல்லிப் பேச இனி ஆளில்லை.

இதைப் படித்துவிட்டு, என் பிள்ளை உண்மையில் என்றைக்கு நடந்தான் என்று கேட்டு நீங்கள் யாராவது வரலாம். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரே ஒரு பதில். அதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். நீங்கள் பார்த்ததுதான் முதல் அடி.