மதில் சுவரில் விட்ட வழி

செஞ்சியில் நாங்கள் வீடு கட்டியபோது, மலையிலிருந்து வரும் மழைத்தண்ணீர் போக மதில் சுவரின் அடியில் வழி விட வேண்டும் என்று சொல்லித்தான் அனுமதி கொடுத்தார்கள். பாம்பு வந்துவிடும் என்று நான்தான் அதை அடைக்கச் சொன்னேன்.

அடுத்த மழையில் கூடத்துக்குள் முழங்கால் தண்ணீர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தால், சுவரை யாரோ இடிக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். பின்னால் பள்ளத்து வீட்டு மும்தாஜ் அக்கா கடப்பாரையால் அடைப்பை உடைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, உங்க வீட்டுக்குள்ள பூந்துடுமே!”

“வாசலோட போயிடும்மா. தண்ணி வரும்னு தெரிஞ்சுதான் ஒசத்திக் கட்டியிருக்குது. நீ புள்ளையப் பாரு.”

தண்ணீர் அவருடைய கத்தரிச் செடிகளை இழுத்துக்கொண்டு ஓடியது.

அந்த வழி இப்போது திறந்தே கிடக்கிறது. பாம்பு எதுவும் வரவில்லை. இதுவரை அதில் உள்ளே வந்தது அக்காவின் கடப்பாரை மட்டும்தான்.