அலமாரியில ஆறாவது கேம்

எங்கிட்ட ஒரு காலத்துல பதினேழு கேம் இருந்துச்சு. எல்லாம் கையில வச்சு ஆடுற சின்ன வீடியோ கேம், வாட்ச்சுக்குப் போடுற அதே பட்டன் செல் போட்டது. சிங்கப்பூர்லேர்ந்து வர்றவங்க பெட்டியில சோப்புக்கும் தைலத்துக்கும் நடுவுல வந்து இறங்குமே, அதுதான். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில நான் வேலை பாத்தேன். பத்தாவதோட ஸ்கூலுக்கும் எனக்கும் ஒத்துவராமப் போச்சு. ஸ்கூல்காரங்க அதுக்காக ஒண்ணும் அழுததாத் தெரியல. வாட்ச் கடைன்னாலும் கேமையும் ஜனங்க அங்கதான் தூக்கிட்டு வருவாங்க. இது தேறாதுங்கன்னு சொன்னா, நீயே வச்சுக்கன்னு விட்டுட்டுப் போயிடுவாங்க. நான் எதையாவது நோண்டி ஓட வச்சுடுவேன். தேறாதுன்னு சொல்லும்போதே தேறும்னு எனக்குக் கொஞ்சம் தெரியும்னு வைங்களேன்.

ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டு அலமாரியில என் சட்டையெல்லாம் ஓரங்கட்டிட்டு அதுங்கள அடுக்கி வச்சிருந்தேன். கார் ரேஸ் நாலு, மீன் பிடிக்கிறது ரெண்டு, குத்துச்சண்டை ஒண்ணு. இன்னொண்ணுல ஸ்க்ரீன் முழுக்கக் கறுப்பு பரவி, எப்பவும் அமாவாசையா இருக்கும். அதையும் வச்சிருந்தேன். இருந்தும் மனசு நிக்காது. ஒண்ண எடுத்து ரெண்டு நிமிஷம் ஆடுவேன், வச்சுட்டு அடுத்தத எடுப்பேன். சோறு திங்கும்போது கூட இடது கட்டைவிரல் தொடையில அமுக்கிக்கிட்டே இருக்கும். எங்கம்மா அதப் பாத்துட்டு, வாத நோய் மாதிரி இருக்குன்னு ஒரு தடவை வைத்தியர்கிட்டயே கூட்டிட்டுப் போனாங்க.

எதிர்வீட்டுக்காரன் ஒருத்தன் துவாக்குடி இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சான். ஹாஸ்டல்லேர்ந்து சனிக்கிழமை வருவான். வந்ததும் அலமாரியத் தொறந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டு ஒரு நாள் சொன்னான், "இதுக்குப் பேரு கலெக்‌ஷன் இல்லடா. காயலான் கடை. கலெக்‌ஷன்னா ஒரு நோக்கம் வேணும்."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. படிச்சவன் சொன்னா எனக்கு எப்பவும் கோவம் வரும், அவன் சொன்னது சரியா இருந்துட்டா இன்னும் வரும். ஒரு வாரம் யோசிச்சேன். பதினேழுல நான் திரும்பத் திரும்ப எடுத்து ஆடுறது எதுன்னு பாத்தா அஞ்சே அஞ்சுதான். அஞ்சும் ஒரே ஜாதி. மேலேர்ந்து ஏதாவது விழும், கீழ நின்னு பிடிக்கணும். பாராசூட்டுல குதிக்கிறவன், மரத்துலேர்ந்து விழுற பழம், இந்த மாதிரி. சரி, இனிமே விழுறதப் பிடிக்கிற கேம் மட்டுந்தான்னு முடிவு பண்ணிட்டேன். மீதி பன்னெண்டையும் ஒரு மஞ்சப் பையில போட்டு அந்த ஹாஸ்டலுக்கே கொண்டுபோய்த் தள்ளிவிட்டேன். அமாவாசையக் கூட ஒருத்தன் வாங்கிக்கிட்டான். இன்ஜினியருக்குப் படிக்கிறவன், சரி பண்ணிடுவானாம்.

அலமாரியில அஞ்சு கேம் வரிசையா நின்னுச்சு. பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ஜாதியில ஆறாவது ஒண்ணு உண்டுன்னு எனக்குத் தெரியும். புத்தகம் மாதிரி மடிக்கிறது, ரெண்டு ஸ்க்ரீன். மேல் ஸ்க்ரீன்ல ஒரு சமையல்காரன் தட்டு தட்டாக் கை நழுவ விடுவான். கீழ் ஸ்க்ரீன்ல ஒரு சர்வர் ஓடி ஓடிப் பிடிக்கணும். மூணு தட்டு உடைஞ்சா ஆட்டம் முடிஞ்சுது. ஐநூறு தாண்டினா அதுவரைக்கும் உடைச்சதெல்லாம் மன்னிச்சு விட்டுடும். ஒரு தடவை ஒரு கஸ்டமர் கையில பாத்ததுதான். அதுலேர்ந்து அந்த அஞ்சையும் பாக்கும்போதெல்லாம் முன்பல்லு ஒண்ணு இல்லாத வாய் மாதிரியே தெரிஞ்சுது.

நவம்பர் மாசம் அது கடைக்கே நடந்து வந்துச்சு. கொண்டுவந்தது பாலக்கரைப் பக்கம் இருக்குற ஒரு டீச்சர். கிறிஸ்தவங்க, முப்பது வயசு இருக்கும், குடையும் கையுமா வந்தாங்க. ஸ்க்ரீன் மங்கிப்போயிருந்துச்சு. புது செல் போடணும், ஆனா உள்ள ஒரு நம்பர் இருக்கு, அது போகக் கூடாதுன்னாங்க. கேம் பட்டன அமுக்கிப் பிடிச்சா அதுல இதுவரைக்கும் எடுத்த பெரிய ஸ்கோர் தெரியும், பிடிச்சேன். 842னு வந்துச்சு.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அப்படி என்னங்க நம்பரு, லாட்டரியான்னு கேட்டேன்.

அவங்க சிரிக்கல. அவங்க வீட்டுக்காரர் கப்பல்ல வேலை பாக்குறாராம். வருஷத்துல ஒரு மாசந்தான் வீடு. போன லீவுல கிளம்புற அன்னிக்கு இந்த நம்பரப் போட்டுட்டு, நான் வர்றதுக்குள்ள நீ இதத் தாண்டிட்டா கப்பல விட்டுட்டு உள்ளூர்லயே வேலை தேடிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். அவரு விளையாட்டாச் சொன்னாரு. இவங்க பிடிச்சுக்கிட்டாங்க. பத்து மாசமா பேப்பர் திருத்தின நேரம் போக ஆடி ஆடி, எழுநூத்தி தொண்ணூறு வரைக்கும் வந்தாச்சு. கிறிஸ்துமஸுக்கு அவரு வர்றாரு. இப்ப போய் செல் தீருது.

இந்தக் கேம்ல செல்லக் கழட்டினா நம்பர் அழிஞ்சுடும். கடையில யாரு கேட்டாலும் முடியாதுன்னு சொல்லித்தான் அனுப்புவோம். நான் முடியும்னேன். ரெண்டு நாள் கழிச்சு வாங்க டீச்சர்னேன். எதுக்குச் சொன்னேன்னா, ரெண்டு நாள் அது எங்கிட்ட இருக்குமே.

ஆனா வழி நிஜமாவே இருந்துச்சு. பழைய செல்லுக்குப் பக்கவாட்டுல ரெண்டு மெல்லிசு ஒயர் வச்சு, வெளியிலேர்ந்து இன்னொரு ஜோடி செல்லோட கரண்ட்டக் குடுத்துக்கிட்டே பழச எடுத்துட்டுப் புதுச வைக்கணும். கேமுக்கு எதுவும் தெரியாது. என் பாராசூட் கேம்ல மூணு தடவை செஞ்சு பாத்தேன். நம்பர் அசையல. மறுநாள் மத்தியானம் முதலாளி சாப்பாட்டுக்குப் போனதும் டீச்சர் கேமத் தொறந்தேன். ஒயர் வச்சு, மெழுகு வச்சு ஒட்டி, எல்லாம் கச்சிதம். அடுத்து பழைய செல்ல இடுக்கியால எடுக்கணும். எங்க கடையில எதத் தொறந்தாலும் கவுத்து, உள்ளங்கையில ஒரு தட்டுத் தட்டுவோம். செல் தானா வந்து விழும். மூணு வருஷமா ஒரு நாளைக்கு இருபது தடவை செய்யிற வேலை. என் கை என்னக் கேக்கவே இல்ல. கவுத்துச்சு, தட்டுச்சு. செல்லு, ஒயரு, மெழுகு, எண்ணூத்தி நாப்பத்திரெண்டு, எல்லாம் உள்ளங்கையில வந்து விழுந்துச்சு.

புது செல்லப் போட்டு பட்டன அமுக்கிப் பிடிச்சேன். முட்டை.

கொஞ்ச நேரம் ஸ்டூல்ல உக்காந்தேன். எந்திரிச்சு வெளிய போய் நின்னேன். திரும்ப வந்து உக்காந்தேன். நம்பர் இல்லைன்னா அவங்களுக்கு இது எதுக்கு, கேட்டா குடுத்துடுவாங்களோன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. வரலைன்னு சொன்னா பொய். பின்னாலயே இன்னொரு நெனப்பு. அந்த நம்பர் என்ன அவரு கைரேகையா? நானே போட்டுட்டாப் போச்சு.

இந்த ஒரு படிப்புலதான் நான் ஃபர்ஸ்ட் கிளாஸ். எண்ணூறு எனக்குப் பெரிய விஷயம் இல்ல. சரியா நாப்பத்திரெண்டுல நிறுத்துறதுதான் கஷ்டம், ஏன்னா அடுக்காப் பிடிச்சா அஞ்சு அஞ்சா ஏறும். மொத தடவை எண்ணூறுலயே உடைஞ்சுது. ரெண்டாவது தடவை முதலாளி வந்துட்டாரு. சனிக்கிழமை காலையில ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ல வரும்போதே ஆரம்பிச்சு, பாலத்துல அறுநூறு தாண்டி, இறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டு, ஜங்ஷன்ல போய் நின்னப்ப 837. ஒரு அடுக்கு விழுந்துச்சு, நாப்பத்திரெண்டு. நிறுத்துடான்னு மனசு சொல்லுது, கட்டைவிரலு கேக்கல. 851ல வந்து முடிஞ்சுது. அழிச்சுட்டுத் திரும்பப் போடணும். கடைக்கு ஓடினா, டீச்சர் எனக்கு முன்னாலயே வந்து நிக்கிறாங்க.

மறைக்க நேரம் இல்ல. நடந்ததச் சொன்னேன். கவுத்ததையும் தட்டுனதையும் சொன்னேன், நான் ஆடினதையும் சொன்னேன். அவங்க கண்ணாடியக் கழட்டி முந்தானையில தொடைச்சாங்க, மாட்டினாங்க, திரும்பவும் கழட்டித் தொடைச்சாங்க. எனக்குத் தாங்கல. அதான் டீச்சர் எண்ணூத்தி அம்பத்தொண்ணு இருக்கே, நீங்கதான் போட்டீங்கன்னு சொல்லுங்க, அவருக்கு எப்படித் தெரியும், கப்பலும் முடிஞ்சுதுன்னேன்.

"பரீட்சையில நீ இப்படித்தான் எழுதினியா தம்பி?"

"எழுதி முடிச்சிருந்தா பாஸாயிருப்பேன் டீச்சர். நடுவுலயே மாட்டிக்கிட்டேன்."

சிரிப்பு வந்துச்சு அவங்களுக்கு, வெளிய விடல. கேம என் முன்னால தள்ளி வச்சாங்க. "அவரு போட்டது எண்ணூத்தி நாப்பத்திரெண்டு. அத வை. அதத்தான் நான் தாண்டணும்."

முதலாளி பாத்துக்கிட்டே இருக்காரு, டீச்சர் எதிர்ல ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டாங்க, நான் நம்பர அழிச்சுட்டு ஆடினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. என் விரலையே கவனிச்சாங்க. நான் தட்டப் பாக்குறதே இல்ல, சத்தத்த வச்சே ஓடுறேன்னு அவங்களாவே கண்டுபிடிச்சாங்க. அதச் சொல்லித்தர்ற எண்ணம் எனக்கு இல்ல, நல்லா ஆடிட்டா கேம் என் கைக்கு எப்படி வரும். 842 ஆனதும் சர்வர ஒரு மூலையில நிறுத்திட்டு மூணு தட்டையும் உடைய விட்டேன். டீச்சர் நம்பரச் சரி பாத்து, கைக்குட்டையில சுத்தி, குடைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் எனக்கு வேலை ஓடல. பாலக்கரை வழியாப் போற பஸ்ஸுல ஏறினா கழுத்து தானாத் திரும்பும். எவ்வளவு வந்திருப்பாங்க? வீட்டுல அஞ்சையும் எடுத்து வரிசைய மாத்தி மாத்தி வைப்பேன். நடுவுல இடம் விட்டு வைப்பேன். அப்புறந்தான் உறைச்சுது, கடையில நான் போட்டது தப்புக் கணக்கு. அவங்க தாண்டலைன்னா அவரு திரும்பப் போயிடுவாரு, கேமும் இன்னொரு வருஷம் அந்த வீட்லயே. தாண்டிட்டா அதுக்கு வேலை முடிஞ்சுது, கேட்டுப் பாக்கலாம். அதனால தாண்டணும்னு வேண்டிக்கிட்டேன். இந்த ஊருல இவ்வளவு பெரிய கோயில வச்சுக்கிட்டு நான் போய் வேண்டினது இதுக்குத்தான்.

ஜனவரி மொத வாரம் ஒரு ஆளு கடை வாசல்ல வந்து நின்னாரு. நல்ல உயரம், வெயில்ல வெந்த நிறம். கைக்குட்டையப் பிரிச்சு கேம மேசையில வச்சாரு.

"நீதானா அந்த எண்ணூத்தி நாப்பத்திரெண்டு?"

எந்திரிச்சு நின்னுட்டேன். அடிக்க வந்திருக்காருன்னு நெனச்சேன். அவரு வந்தது வேற விஷயத்துக்கு. டீச்சர் எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. அவரு வர்றதுக்கு முந்தின நாள் அவங்க போட்டது 888. இவரு சட்டம் பேசியிருக்காரு: அழிஞ்சது என் நம்பர், எவனோ ஒருத்தன் போட்டத நீ தாண்டினா பந்தயம் செல்லாதுன்னு. சரி, அப்ப என் நம்பர நீங்க தாண்டுங்க, தாண்டினா கப்பலுக்குப் போங்கன்னு அவங்க கேமக் கையில குடுத்துட்டாங்க. பத்து நாளா ஆடுறாரு, போன லீவுல எண்ணூறு தாண்டினவரு இப்ப அறுநூறு தாண்டல. கட்டைவிரலக் காட்டினாரு. இந்த வருஷம் இன்ஜின் ரூமுக்கு மாத்திட்டாங்களாம், காய்ச்சுப்போன விரலு, பட்டன் இருக்குறதே அதுக்குத் தெரியாது. திங்கக்கிழமை கம்பெனிக்கு வரேன் வரலைன்னு தந்தி அடிக்கணுமாம்.

குரலத் தணிச்சுக்கிட்டாரு. "ஒரு தொள்ளாயிரம் போட்டுக் குடு தம்பி. நான் கப்பல் ஏறினதும் இது உனக்கு."

கேமக் கையில எடுத்தேன். மூடித் தொறந்தேன். அந்தக் கீல் சத்தம் இருக்கே. டீச்சர்கிட்ட குடுத்தனுப்பினப்ப இருந்த மாதிரியே சுத்தமா இருந்துச்சு, ஒரு கீறல் இல்ல. ஆரம்பிச்சேன். அவரு மேசை மேல குனிஞ்சு கூடவே எண்ணினாரு. ஐநூறு, அறுநூறு, எழுநூறு, ஒரு தட்டு உடையல. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நல்லா ஆடினதில்ல. தட்டு பறக்குது, நான் ஓடுறேன், நடுவுல அந்தம்மா கண்ணாடியத் தொடைச்சது ஞாபகம் வந்து தொலைக்குது. ஜெயிக்க வச்சுக் குடுத்தப்பவே வேண்டாம்னவங்க. எண்ணூத்தி எண்பது. எண்பத்தஞ்சு. எண்பத்தேழு.

சர்வர மூலையில நிறுத்தினேன். மூணு தட்டும் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்து உடைஞ்சுது.

அவரு ஸ்க்ரீனயும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. வேணும்னே விட்டியான்னு கேட்டாரு. கை நழுவிடுச்சு சார்னேன். இன்னொரு தடவை ஆடுன்னாரு. இதுக்கு மேல எனக்கு வராதுங்கன்னேன். அவரு அத நம்பல. கைக்குட்டையில சுத்திக்கிட்டு வெளிய போய், வெயில்ல ரொம்ப நேரம் நின்னுட்டுத்தான் நடந்தாரு. நான் செஞ்சது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல. அன்னிக்கு ரெண்டு வாட்ச்ச மாத்தி மூடிட்டேன், முதலாளிகிட்ட திட்டும் வாங்கினேன்.

மார்ச்சுல எதிர்வீட்டுக்காரனப் பாக்க ஹாஸ்டலுக்குப் போறதுக்கு துவாக்குடி பஸ்ல ஏறினேன். நல்ல கூட்டம். டீச்சர் வீட்டுக்காரர் நிக்கிறாரு, கையில டிபன் கேரியர். கம்பியப் பிடிக்கல, காலை அகட்டி வச்சு, பஸ் ஆடுற ஆட்டத்துக்கு உடம்ப விட்டுக் குடுத்து நிக்கிறாரு. துவாக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஃபேக்டரியில சேந்துட்டேன்னாரு. எப்படி இருக்குங்கன்னு கேட்டேன். தரை ஆடவே மாட்டேங்குது, அதான் தூக்கம் வரலன்னாரு. அவருக்கு முன் சீட்டுல டீச்சர். ஸ்கூல்ல ஏதோ வேலையா அந்தப் பக்கம் போறாங்க போல. மடியில கேம் தொறந்திருக்கு, கண்ணு ஜன்னலுக்கு வெளிய, விரலு மட்டும் ஓடுது. எழுநூத்திச் சொச்சம்.

பின்னாலேர்ந்து குனிஞ்சு, டீச்சர், பந்தயந்தான் முடிஞ்சுதே, இன்னும் எதுக்கு, எங்கிட்ட குடுத்துடுங்களேன்னு கேட்டேன்.

திரும்பவே இல்ல. "போடா"ன்னாங்க.