என் மிஷினில் அண்ணன் நம்பர்

கோலா சாவாவில் எங்கள் வீட்டு வரிசையில் ஒரே மாதத்தில் நான்கு வீடுகளில் திருடு போனது. எல்லாமே பகலில், ஆட்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போலீஸ்காரர் ஒருவர் கோயில் மண்டபத்துக்கு வந்து பேசினார். டி.வி., புல் வெட்டும் மிஷின் என்று விலையுள்ள சாமான் எல்லாவற்றிலும் உங்கள் அடையாள அட்டையின் ஐ.சி. நம்பரைச் செதுக்கி வையுங்கள், திருடனுக்கு விற்பது கஷ்டம், எங்களுக்குக் கிடைத்தால் யாருடையது என்று உடனே தெரியும் என்றார். நல்ல யோசனைதான். இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்போது அப்பா அம்மா இருவரும் இல்லை. தோட்டத்தில் வேலை செய்ததற்காக அப்பாவுக்குக் கிடைத்த வீட்டில் நான், அண்ணன், அண்ணி மூவரும் இருந்தோம். எனக்குச் செனாவாங்கில் தொழிற்சாலை வேலை. ஷிப்ட் முடிந்து வந்து ரவிக்கை தைப்பேன். தையல் மிஷின் என் ஓவர்டைம் காசில் வாங்கியது. கறுப்புத் தலை, அதில் தங்க நிறத்தில் பூ. அண்ணிக்கு அப்போது அதில் ஊசி கோக்கக்கூடத் தெரியாது.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அந்தப் பூவின் மேலேயே பன்னிரண்டு எண்கள் கோணல்மாணலாகக் கீறியிருந்தன. அண்ணனின் ஐ.சி. நம்பர். இரும்பில் எழுதுகிற கரண்ட் பேனாவை யாரிடமோ இரவல் வாங்கி வந்து, டி.வி.யிலிருந்து குத்துவிளக்குவரை வீடு முழுக்கத் தன் நம்பரைப் போட்டுவிட்டான்.

"என் மிஷின்ல ஏன் உன் நம்பரைப் போட்ட?"

"ஒரே வீடுதானே. யார் நம்பர் இருந்தா என்னா?"

"அப்ப என் நம்பரைப் போட்டிருக்கலாம்ல."

"நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போறவ நீ," என்று அண்ணி அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

அன்றிலிருந்து நான் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டேன். பேச்சும் குறைந்தது.

அடுத்த மாதமே எங்கள் வீட்டிலும் புகுந்தார்கள். பின்பக்கத் தகரத்தைப் பிரித்து இறங்கி டி.வி.யையும் மிஷின் தலையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் மேசையும் மிதிபலகையும் நின்றன. நான் அழுதேன். அண்ணன், "நம்பர் இருக்குல்ல, கிடைக்கும்லா," என்றான்.

சில வாரங்களில் அண்ணனும் அண்ணியும் செனாவாங்கில் வாங்கிய புது வீட்டுக்குக் குடிபோனார்கள். அங்கே போன பிறகு ஒரு நாள் அண்ணி வாட்சப்பில் படம் போட்டிருந்தாள். புது வீட்டு ஜன்னலுக்குத் தானே தைத்த திரைச்சீலையாம். படத்தின் ஓரத்தில் வேறொரு மேசைமேல் ஒரு கறுப்பு மிஷின் இருந்தது. தங்கப் பூவையும் அதன் மேல் கீறலையும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு மோட்டாரை எடுத்துக்கொண்டு நேரே போனேன். அண்ணியின் அப்பா அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை.

"மிஷின் எப்பக் கிடைச்சுச்சு?"

"நீலாய்ல ஒரு பழைய சாமான் கடையில இருந்துச்சாம். போலீஸ் பாலாய்லேர்ந்து கூப்பிட்டாங்க, போய் எடுத்துட்டு வந்தேன்," என்றான் அண்ணன்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"என் நம்பரைப் பார்த்து என்னைக் கூப்பிட்டாங்க. உன் நம்பர் இருந்திருந்தா உன்னைக் கூப்பிட்டிருப்பாங்க."

அண்ணியின் அம்மா தலை நிமிராமல் ரசம் ஊற்றிக்கொண்டாள். நான் அறைக்குள் போய் மிஷின் தலையைக் கழற்றினேன். யாரும் தடுக்கவில்லை. அதை மோட்டாரின் முன்கூடையில் வைத்துக் கட்டும்போது அண்ணன் வாசலில் நின்று, "ரிப்போர்ட் போடுவேன்," என்றான். போடு என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அரத்தை எடுத்து அந்தப் பன்னிரண்டு எண்களையும் ராவினேன். பூவும் சேர்ந்து போனது. கை கொப்பளிக்கும்வரை ராவினேன்.

இரண்டாம் நாள் அண்ணன் ஒரு போலீஸ்காரருடன் வந்தான். கோயில் மண்டபத்தில் பேசிய அதே மலாய்க்காரர். ராவிய இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நம்பரை அழிக்கிறது திருடன் செய்யிற வேலை," என்று மலாயில் சொன்னார். என் மிஷின் என்றேன். ரசீது எங்கே என்றார். கடையே மூடிப்போய்ப் பல வருஷமாகிறது, ரசீதுக்கு எங்கே போவேன்.

அவர் அண்ணனைப் பார்த்து, "உங்க தங்கச்சிதான். திருடினாங்கன்னு எழுதட்டுமா?" என்று கேட்டார்.

அவருக்கு அதை எழுத விருப்பமில்லை என்று குரலிலேயே தெரிந்தது. அண்ணன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

"எழுதுங்க," என்றான்.

நான் இடிந்து போனது அந்த ஒரு சொல்லில்தான். கேஸ் என்று ஆனால் என் வேலை போய்விடும். அது அவனுக்கும் தெரியும். மிஷினைத் திருப்பிக் கொடுத்தால் விட்டுவிடலாம் என்றார் போலீஸ்காரர். சரி, கொடுக்கிறேன் என்றேன். துணியில் சுற்றித் தருவதாகச் சொல்லி உள்ளே எடுத்துப்போய், அடிநூல் மாட்டுகிற பாபின் கேஸைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். அது இல்லாமல் தையல் விழாது; எந்தத் தையல் கடையிலும் கிடைக்கிற சின்னச் சாமான்தான். அன்றைக்காவது அவள் தைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

பிறகு நான் வேறு மிஷின் வாங்கினேன். என் நம்பரை நானே செதுக்கினேன், ரசீதைப் படம் பிடித்தும் வைத்திருக்கிறேன். போன வருஷம் தன் மகளுக்குக் காது குத்து என்று அண்ணன் வெற்றிலைபாக்குத் தட்டோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். பூட்டைத் திறக்கவில்லை. இரண்டு முறை கூப்பிட்டான். அப்புறம் தட்டை மதில்மேல் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போனான். சாயங்காலம் மழை வந்தது. தட்டை நான் எடுத்து உள்ளே வைக்கவில்லை.