ஓடிக்கொண்டிருந்த கடிகாரம்

பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறுவருடம் என் மகன் நடராசன் வீட்டில் கத்திப் பேசத் தொடங்கினான். தண்ணீர் கேட்பதும் கத்தலாகத்தான் இருந்தது. பத்தொன்பது வயது. அவன் அப்பா இறந்ததும், ஆலைத் தறிக்கூடத்தில் அவர் நின்ற இடத்திலேயே வேலைக்குப் போனவன். மூன்று வருடம் ஆகியிருந்தது.

நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாவின் குணம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். அவரும் கத்துவார், கை நீட்டுவார். ஒருமுறை, பழுது பார்த்தும் பைக்கடிகாரம் ஓடவில்லை என்று கடைக்காரரைச் சட்டையைப் பிடித்து இழுத்து அறைந்தார். "ஓடுதுய்யா, காதுல வச்சுப் பாரு" என்று அந்த மனிதர் கெஞ்சினார். நான் தலை குனிந்து நின்றேன்.

ஒரு ஞாயிறு காலை, வாசலில் குருசுக்குப்பத்து மீன்காரம்மா. நடராசன் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். மூன்று முறை கூப்பிட்டேன். அசையவில்லை.

"இன்னா டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துல அத்தினி புள்ளய அடக்குற. ஊட்ல ஒண்ணு ஒன்ன மதிக்கலியே!" என்று அவள் சிரித்தாள்.

போய், விரித்த கையால் அவன் இடது காதோடு சேர்த்து அறைந்தேன்.

அவன் எழுந்த வேகத்தில் என்னைச் சுவரில் தள்ளினான். மீன்கூடை கவிழ்ந்தது. "என்னாத்துக்குடி அடிச்ச?" என்று கத்தினான். அந்த 'டி' அவன் அப்பாவுடையது. பிறகு காதைப் பொத்திக்கொண்டு மீன்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டான். விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது.

பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஊற்றினேன். மூன்றாம் நாள் சீழும் காய்ச்சலும்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் காதுக்குள் பார்த்துவிட்டு, "எதுல அடிபட்டுது?" என்றார்.

"நாடா பறந்து வந்து பட்டுது சார்" என்றான் நடராசன். (நாடா: தறியில் ஊடுநூலை ஏந்தி ஓடும் கட்டை.)

"இல்ல சார், நான்தான் அறைஞ்சேன். எண்ணெ ஊத்துனதும் நான்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இசைக்கவையை (தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் இரும்புக் கவை) இரண்டு காதுகளிலும் மாற்றி மாற்றி வைத்தார். பின்னால் நின்று மெல்லப் பேசிப் பார்த்தார்.

"செவிப்பறை கிழிஞ்சிருக்கு மதாம். அது ஆறிடும். ஆனா அடி படாத காதும் பாதி போயிருக்கு. அது தறிச் சத்தம். உள்காதுல மயிர் மாதிரி நுண்ணிய செல்லுங்க இருக்கு. சத்தம் மிதிச்சு மிதிச்சு அதெல்லாம் செத்துடும். திரும்ப மொளைக்காது." பிறகு கேட்டார்: "இவங்கப்பாவும் தறிதானா? சத்தமாப் பேசுவாரா?"

"ஆமா சார், கத்துவாரு" என்றேன்.

வேலையை மாற்றச் சொல்லி அவர் தந்த கடிதத்தோடு தறிக்கூடத்துக்குள் போனேன். சத்தம் நெஞ்செலும்பில் அடித்தது. பல்லில் அடித்தது. அங்கே யாரும் குரலால் பேசவில்லை. எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். மேஸ்திரி என்னை வெளியே கூட்டிவந்து, "காது போனாத்தான் டீச்சரம்மா அவன் தறிக்காரன்" என்று சிரித்தார். நான் நகரவில்லை. கடைசியில் துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றினார். உள்ளே நின்றது கால் மணி நேரம். மறுநாள் காலைவரை என் காது இரைந்தது.

இதைப் படிக்கும் ஆலை வீட்டார்களே, வீட்டில் ஒருவர் கத்தத் தொடங்கினால் முதலில் காதைக் காட்டுங்கள். அடிபட்ட காதிலும் சீழ் வடியும் காதிலும் எண்ணெய் ஊற்றாதீர்கள். தறிக்குப் போகிறவர்களுக்கு வெறும் பஞ்சு போதாது. மெழுகும் வாசலினும் பிசைந்த பஞ்சை அடைத்தால் சத்தம் ஓரளவு குறையும் என்றார் மருத்துவர்; கிழிந்த காதில் அதுவும் கூடாது. முடிந்தபோதெல்லாம் வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். காதில் மட்டும் அடிக்காதீர்கள்.

இரண்டு மாதத்தில் செவிப்பறை மூடியது. இப்போது நான் அவனைப் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. சுற்றிப் போய் முகத்துக்கு நேரே நிற்கிறேன். ஒரு சொல்லுக்கு நாலு எட்டு நடக்கவேண்டியிருக்கிறது. அவன் அப்பாவிடம் இருபது வருடம் அடுப்படியில் நின்றபடியே பேசியிருக்கிறேன்.

போன வாரம் அவன் அப்பாவின் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து வைத்திருந்தேன். நடராசன் எடுத்து வலது காதில் வைத்தான். பிறகு இடது காதில்.

"அப்பா சொன்னது சரிதாம்மா. கடக்காரன் ஏமாத்திட்டான். இது ஓடல."

வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அவனை அறைந்த கை. அதில் கடிகாரம் துடித்துக்கொண்டிருந்தது.