பூஜையில் உட்கார்ந்த மோடம்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஓர் ஆயுத பூஜை நாள். தி.நகரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் புரோகிராமர். அடையாறில் இருந்த ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டிக்கெட் முன்பதிவு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். அதில் சில மாற்றங்கள் செய்ய வேண்டியிருந்தது. டெலிபோன் லைனில் மோடம் என்கிற பெட்டியை மாட்டிவிட்டால் போதும், இங்கிருந்தே அவர்கள் கம்ப்யூட்டரில் புதுசை ஏற்றிவிடலாம். பூஜையன்று அங்கே டிக்கெட் விற்பனை கிடையாது. மறுநாளிலிருந்து கூட்டம் அலைமோதும். அன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.

"சின்ன மாற்றம்தானேம்மா, நேரா ஏத்திடு" என்றார் எங்கள் முதலாளி. எனக்காக ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் சந்தனப் பொட்டு வைக்காமல் விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

டயல் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, மோடம் எடுக்கவில்லை. எரிச்சலோடு அவர்களுடைய இன்னொரு நம்பருக்கு போன் போட்டேன். கவுண்டர் பார்க்கும் அண்ணன் எடுத்தார்.

"அண்ணே, மோடம் என்னாச்சு?"

"பூஜைல கீதும்மா. பொட்டு வெச்சு, பூ போட்டு, ஜம்முனு குந்திக்கினு கீது."

"ஐயோ! கம்ப்யூட்டரை பூஜையில வைக்காதீங்கன்னு நேத்தே சொன்னேனே!"

"கம்ப்யூட்டர்ல கை வெக்கலியே. டப்பாவைப் பத்தி நீ ஒண்ணும் சொல்லல. அதுவும் வேலை செய்ற பொருள்தானே, பாவம்?"

கெஞ்சினேன், கத்தினேன். நேரில் வருகிறேன் என்று மிரட்டியும் பார்த்தேன். "வா, சுண்டல் தரேன். டப்பா நாளைக்குக் காலைலதான்" என்று போனை வைத்துவிட்டார்.

என்ன மனுஷன் இந்த ஆள் என்று வாய்விட்டே திட்டினேன். வேறு வேலையும் இல்லை. எங்களிடம் இருந்த அவர்களுடைய முன்பதிவுகளின் பழைய நகலில் சும்மா அந்த மாற்றங்களை ஓட்டிப் பார்த்தேன். ஓடி முடிந்தது. முன்பதிவுப் பட்டியலைத் திறந்தால் ஒரு பெயர்கூட இல்லை. அத்தனை சீட்டும் காலி!

இருந்த முன்பதிவையெல்லாம் என் புரோகிராம் சுத்தமாகத் துடைத்திருந்தது. இது மட்டும் அடையாறில் ஓடியிருந்தால் மறுநாள் ஒரே சீட்டுக்கு ரெண்டு குடும்பம் மூட்டை முடிச்சோடு அடித்துக்கொண்டிருக்கும். என் வேலையும் போயிருக்கும்.

தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மறுநாள் விடிந்ததும், கவுண்டர் திறப்பதற்கு முன், முதலில் அவர்களிடம் இருந்ததை அப்படியே ஒரு நகல் எடுக்கச் சொன்னேன். அப்புறம்தான் புதுசை ஏற்றினேன்.

"பாத்தியா, பூஜை போட்டதுக்கு எப்டி ஓடுது!" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே" என்றேன், மனசார.

இன்றைக்கும் எவ்வளவு சின்ன மாற்றமாக இருந்தாலும், நகலில் ஓட்டிப் பார்க்காமல் தூரத்து சர்வரைத் தொட எனக்குக் கை வராது. வாழ்க்கையில் எனக்கு உதவி செய்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நான் அதிகம் நன்றியோடு நினைத்துக்கொள்வது, அன்று அத்தனை கெஞ்சியும் உதவவே மாட்டேன் என்று போனை வைத்த அந்த அண்ணனைத்தான்.