நன்மரணம் கேட்டவர்கள்

எங்கள் பங்குக் கோயிலில் முதல் வெள்ளி நற்கருணை ஆராதனையின்போது நோயாளிகளுக்கு ஒரு பதில், சாகக் கிடப்பவர்களுக்கு இன்னொரு பதில். எங்கள் தெருக்களின் ஜெபக்குழுவான அன்பியத்துக்குப் பொறுப்பாளரான அக்கா பெயர்களை வாசிப்பார். நோயாளி என்றால் "சுகம் தந்தருளும் ஆண்டவரே" என்றும், சாகக் கிடப்பவர் என்றால் "நன்மரணம் தந்தருளும் ஆண்டவரே" என்றும் கோயிலே சேர்ந்து சொல்லும். அதை மைக்கில் முதலில் எடுத்துக் கொடுப்பது நான். சிறுசேரியில் வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து, இரும்புலியூரில் இறங்கி நேராக மைக் முன்னால் போய் நிற்பவள்.

அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். இரண்டு கீமோ முடிந்து, மூன்றாவதற்குத் திங்கட்கிழமை போக வேண்டியிருந்தது. முடி கொட்டிப் பாதி ஆளாகிவிட்டாள். ஆனால் டாக்டர் கைவிடவில்லை, அம்மாவும் விடவில்லை. உடம்பில் தெம்பிருந்தால்தான் மருந்து ஏற்றுவார்கள் என்று, வாந்தி நின்ற நேரத்திலெல்லாம் கஞ்சியைப் பிடிவாதமாக விழுங்கினாள். ஆராதனையைக் கட்டிலில் சாய்ந்தபடி யூடியூப் நேரலையில் பார்ப்பாள்.

அன்று நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தின் முன்னால் தூபம் புகைந்துகொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு பழக்க தோஷத்தில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நோயாளிகள் முடிந்துவிட்டார்கள். அம்மாவின் பெயர் வரவில்லையே என்று தோன்றுவதற்குள் அது சாகக் கிடப்பவர்களோடு வந்துவிட்டது. காது கேட்டது, வாய் நிற்கவில்லை. "நன்மரணம் தந்தருளும் ஆண்டவரே" என்று ராகத்தோடு இழுத்தேன். கோயிலே அதைத் திருப்பிச் சொன்னது.

ஆசீர்வாதம் முடியும்வரை எப்படி நின்றேனோ தெரியாது. வெளியே செருப்பு விடும் இடத்தில் அக்காவைப் பிடித்தேன்.

"எங்கம்மா சாகப்போறாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"கோச்சுக்காதம்மா. போன வாரம் வந்து பாத்தேன்ல, மனசு கேக்கல. கஷ்டப்படாம போகட்டும்னுதான்."

"எங்க வீட்ல காபி குடிச்சிட்டு வந்து பேர மாத்திட்டீங்க. எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"ஜெபம்தானேம்மா. இதுல இன்னா தப்பு?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டாக்டரே சொல்லத் துணியாத தீர்ப்பை இவர் ஒரு டம்ளர் காபியில் எழுதிவிட்டார். அதற்கு இரக்கம் என்று பெயர் வேறு. இவர்களுக்கெல்லாம் நோயாளி இழுத்துப் பிடித்துக்கொண்டு பிழைப்பது பிடிப்பதில்லை, அடக்கமாகச் செத்தால்தான் திருப்தி. கத்தினேன். ஃபாதர் வந்து, "வீட்டுக்குப் போம்மா, அம்மா தனியா இருப்பாங்க" என்றார். அதற்கும் கோபம் வந்தது.

வீட்டில் அம்மாவின் மடியில் போன் அணைந்து கிடந்தது. அக்காவைத் திட்டிக்கொண்டே கஞ்சியைச் சுட வைத்தேன். அம்மா குறுக்கிட்டாள்.

"அவங்க பேரைத்தான்டி சொன்னாங்க. கேட்டது நீ."

பழக்கத்தில் வந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கத் தயாராக இல்லை. நோய் வந்த பிறகு அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"இங்க வா. நான் என் பேர சொல்றேன். நீ நோயாளிங்களுக்குச் சொல்ற பதில சொல்லு."

ஞானஸ்நானப் பெயரையும் சேர்த்து முழுசாகச் சொன்னாள். பதில் பாதிதான் வெளியே வந்தது.

"சத்தமா" என்றாள். "அங்க மைக்ல சொன்னே இல்ல, அவ்ளோ சத்தமா."